சொல்லத் தயங்கும் எரிச்சல்: சிறுநீர்க் கசிவால் வரும் தோல் புண்ணைத் தவிர்ப்பது எப்படி?

(நமது மும்பை நிருபர்)

தலைவலி என்றால் அடுத்த வீட்டு அம்மாளிடம் சொல்லித் தைலம் வாங்கிக் கொள்கிறோம். முழங்கால் வலி என்றால் ரயிலில் எதிரே உட்கார்ந்திருப்பவரிடம்கூடச் சொல்லி அழுகிறோம். ஆனால் தன்னை அறியாமல் சிறுநீர் கசிகிறது, அதனால் மறைவிடத்தில் தோல் வெந்து எரிகிறது என்பதை மட்டும் ஒரு பெண் தான் பெற்ற மகளிடம்கூடச் சொல்வதில்லை. சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் வருடக்கணக்கில் தவிக்கிறாள்.

இது எங்கோ ஒருவருக்கு வரும் அபூர்வ நோய் அல்ல. இருமினால், தும்மினால், தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் சில சொட்டுகள் கசிவது, கழிப்பிடம் போய்ச் சேருவதற்குள் உடை நனைந்து விடுவது ஆகியவை நாலு பெண்களில் ஒருவருக்காவது வாழ்நாளில் வரும் தொல்லைகள். ஆண்களைவிடப் பெண்களுக்கே இது அதிகம். பிரசவத்தில் இடுப்புத் தசைகள் தளர்வது, மாதவிலக்கு நின்ற பிறகு உடலில் ஏற்படும் மாறுதல், உடல் பருமன், நீடித்த இருமல், மலச்சிக்கல், சர்க்கரை நோய் எனக் காரணங்கள் பல.

கசிவை எப்படியோ சமாளித்து விடுகிற பெண்களும் அதன் பின்னால் வரும் தோல் புண்ணிடம் தோற்றுப் போகிறார்கள். உட்கார முடியாது, நடக்க முடியாது, இரவில் தூங்க முடியாது. கொஞ்சம் கவனம் இருந்தால் இந்தப் புண்ணை வராமலே தடுக்கலாம். வந்துவிட்டாலும் பெரும்பாலும் வீட்டுப் பராமரிப்பிலேயே ஆற்றிவிடலாம்.

ஏன் இந்தப் புண் வருகிறது?

நம் தோலுக்கு இயற்கையாகவே லேசான புளிப்புத் தன்மை, அதாவது அமிலத் தன்மை உண்டு. கிருமிகளைத் தள்ளி நிறுத்தும் வேலி அது. தோல் வெகுநேரம் ஈரத்தில் ஊறினால், நாள் முழுவதும் துணி துவைத்த கை வெளுத்துச் சுருங்குவதுபோல, மெத்தென்று ஊறிப் பலம் இழக்கிறது. சிறுநீரில் உள்ள யூரியா, கிருமிகளால் அம்மோனியாவாக மாறுகிறது. டயபரை மாற்றும்போது மூக்கில் ஏறும் நெடி அதுதான். அம்மோனியா காரத் தன்மை உடையது. அது தோலின் அமில வேலியைக் கெடுத்துவிடுகிறது.

இதோடு மலமும் சேர்ந்துவிட்டால் நிலைமை மோசமாகும். மலத்தில் உள்ள செரிமான நொதிகள், உணவைக் கரைக்கிறாற்போலத் தோலையும் அரிக்கத் தொடங்கும். பேதியாகும் நோயாளிக்கு ஒரே நாளில் தோல் உரிந்து போவது இதனால்தான். ஊறிய தோலில் நனைந்த துணி உராய்ந்தால் சிவப்பு, எரிச்சல், பிறகு தோல் வழன்று ரணம். ஈரமும் சூடும் உள்ள தொடை இடுக்கில் காளான் கிருமியும் குடியேறினால் தாங்க முடியாத அரிப்பும் சேர்ந்துகொள்ளும்.

ரயிலிலும் வரிசையிலும்

மும்பையில் வாழும் நம் பெண்களுக்கு இந்தத் தொல்லை இன்னும் ஒரு படி கூடுதல். கல்யாண், டோம்பிவிலி பக்கம் வீடு, தாதரிலோ வி.டி. பக்கத்திலோ வேலை. கல்யாணிலிருந்து இன்று சி.எஸ்.எம்.டி. எனப்படும் பழைய வி.டி. நிலையம் சுமார் 54 கிலோமீட்டர். லோக்கல் ரயிலில் கழிப்பறை கிடையாது. ஒரு மணி நேரத்துக்கு மேல் நெரிசலில் நிற்க வேண்டும். நனைந்த உடையோடு அவ்வளவு நேரம் நின்றால் தோல் என்ன ஆகும்?

டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் எனக்கு, “பேஷாப்கானா எங்கே இருக்கு?” என்று தணிந்த குரலில் கேட்கும் பெண்களைத் தினமும் பார்க்க நேர்கிறது. பதிலைக் கேட்டு முடிப்பதற்குள் ஓடுகிறவர்களும் உண்டு.

தாராவியிலோ பொதுக் கழிப்பறை வரிசை. அவசரக் கசிவு உள்ளவருக்கு நாலு பேர் பின்னால் நிற்பதே சித்திரவதை. மும்பைப் பெண்கள் அமைப்புகள் 2011-ல் தொடங்கிய கழிப்பறை உரிமை இயக்கம் இந்தக் குறையைத்தான் மாநகராட்சியின் காதில் போட்டது.

ஒரு வீட்டில் நடந்தது

தாராவியில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். பெரியம்மா நெல்லைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. வெள்ளி தவறாமல் கோவிலுக்குப் போனவர், திடீரென்று நிறுத்திவிட்டார். எல்லோரும் பாயில் உட்கார்ந்தால் அவர் மட்டும் மூலையில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தார். காப்பி வேண்டாம், தண்ணீர் வேண்டாம் என்றார். வயதாகிவிட்டது, மனசு சரியில்லை என்று வீட்டில் நினைத்தார்கள்.

மருமகள்தான் கண்டுபிடித்தாள். மாதக்கணக்கில் வரவேண்டிய கிருமிநாசினி பாட்டில் ஒரே வாரத்தில் காலியாகி இருந்தது. பவுடர் டப்பாவும் அப்படியே.

“என்ன அத்தை, எங்கிட்டச் சொல்லக் கூடாதா?” என்று கேட்டிருக்கிறாள்.

“எப்படிட்டீ சொல்லச் சொல்லுத? வெக்கமா இருக்குல்லா” என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் அழுதுவிட்டாராம்.

கசிவின் நாற்றம் தெரியக் கூடாது என்று ஒவ்வொரு தடவையும் கிருமிநாசினியை நீரில் கலக்காமலே ஊற்றிக் கழுவி, மேலே பவுடரைக் கொட்டி, பழைய துணியை மடித்து இறுகக் கட்டியிருக்கிறார். இரண்டு தொடை இடுக்கும் ரணமாகி இருந்தன. தண்ணீரைக் குறைத்ததில் மலச்சிக்கலும் சிறுநீர்க் கடுப்பும் வேறு. மருமகள் மறுநாளே ‘சோட்டா சயான்’ என்று தாராவி மக்கள் அழைக்கும் நகர்ப்புறச் சுகாதார மையத்துக்கு அழைத்துப் போனாள். புண் ஆற இரண்டு வாரம் பிடித்தது. கசிவு குறைய மூன்று மாதம் ஆயிற்று. இப்போது பெரியம்மா வெள்ளிக்கிழமை கோவிலுக்குப் போகிறார்.

அந்த அம்மாள் செய்தது எல்லாமே நல்ல எண்ணத்தில் செய்தவைதான். சுத்தம் என்று நினைத்தே புண்ணை வளர்த்துக் கொள்கிறவர்கள் பலர். ஆகவே எது சரி, எது தவறு என்பதைப் பார்ப்போம்.

கழுவும் முறை

நனைந்தால் கூடிய சீக்கிரம் கழுவ வேண்டும். வெறும் வெதுவெதுப்பான நீரே போதும். சாதாரண சோப்புக் கட்டி காரத் தன்மை உடையது; அதைத் தினம் பல தடவை போட்டால் அம்மோனியா செய்யும் கெடுதலையே சோப்பும் செய்யும். மலம் பட்டிருந்தால், காரமில்லாத மென்மையான கழுவும் திரவத்தை மருந்துக் கடையில் கேட்டு வாங்கிக் கொஞ்சமாகப் பயன்படுத்தலாம்.

முன்னிருந்து பின்னாகக் கழுவ வேண்டும். பின்னிருந்து முன்னாகக் கழுவினால் மலக்கிருமி சிறுநீர்ப் பாதைக்குள் போய்விடும். பெண்ணுறுப்பின் உட்புறத்தைக் கழுவவே தேவையில்லை; அது தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும்.

கழுவிய பின் துண்டால் அழுத்தித் தேய்க்கக் கூடாது. மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். தொடை இடுக்கு, அடிவயிற்று மடிப்பு ஆகிய இடங்களில் ஈரம் தங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டில் தனிமை கிடைக்கும் நேரத்தில் பத்து நிமிடம் காற்றுப் படும்படி விடுவது நல்லது.

கிருமிநாசினித் திரவம், வாசனைத் துடைப்பான், சென்ட் ஆகியவற்றைக் கிட்டே சேர்க்க வேண்டாம். பவுடரும் வேண்டாம். ஈரத்தில் பவுடர் கட்டியாகி மடிப்புக்குள் மணல்போல் உராயும். மஞ்சள், வேப்பிலை விழுதைத் தோல் வழன்ற இடத்தில் பூசினால் எரிச்சல் அதிகமாகுமே தவிரக் குறையாது.

எந்தக் களிம்பு?

கழுவி உலர்த்திய தோல்மீது, அடுத்த கசிவு நேராகப் படாதபடி ஒரு திரை வேண்டும். வாஸலின் போன்ற பெட்ரோலியம் ஜெல்லி, துத்தநாக ஆக்ஸைடு களிம்பு, டைமெத்திகோன் கலந்த களிம்பு ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்று போதும். குழந்தைகளின் டயபர் சிவப்புக்கு விற்கும் களிம்புகளில் பெரும்பாலும் துத்தநாக ஆக்ஸைடுதான் இருக்கிறது. அதையே வாங்கிக் கொள்ளலாம்.

மெல்லிசாகப் பூச வேண்டும். தோசைக்கு எண்ணெய் தடவுகிற அளவு போதும். அப்பினாற்போல் பூசினால் களிம்பு பேடில் ஒட்டி, அது ஈரத்தை உறிஞ்சாமல் செய்துவிடும். துத்தநாகக் களிம்பை ஒவ்வொரு தடவையும் சுரண்டி எடுக்கக் கூடாது. மேலே அழுக்கான படலத்தை மட்டும் துடைத்துவிட்டு, அதன்மேல் மறுபடி பூசலாம். முழுவதும் எடுக்க வேண்டுமானால் பஞ்சில் தேங்காய் எண்ணெய் தொட்டு மெல்ல எடுக்கலாம்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. அரிப்பு என்று சொன்னவுடன் மருந்துக் கடைக்காரர் எடுத்து நீட்டும் டியூபில் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும். இரண்டு நாள் அரிப்பு அடங்கும். பிறகு காளான் கிருமி இரட்டிப்பாகப் பரவும். தோலும் மெலிந்து போகும். மருத்துவர் சீட்டுக்குத்தான் விற்க வேண்டும் என்ற பட்டியலில் பல ஸ்டீராய்டு களிம்புகளை மத்திய அரசு 2018-ல் சேர்த்தது. ஆகவே கடைக்காரர் சிபாரிசில் வாங்கிப் போட வேண்டாம்.

துணியா, பேடா, டயபரா?

மாதவிலக்கு பேடையே கசிவுக்கும் வைத்துக்கொள்கிறவர்கள் அதிகம். மாதவிலக்கு பேட் மெதுவாக வரும் ரத்தத்துக்காகச் செய்தது. சிறுநீர் ஒரே வேகத்தில் வரும். அது உறிஞ்சுவதற்குள் ஈரம் தோலில் தங்கிவிடும். சிறுநீர்க் கசிவுக்கென்றே பேடும், பெரியவர்களுக்கான டயபரும் விற்கிறார்கள். இவற்றின் உள்ளே உள்ள தூள் சிறுநீரைக் கூழாக்கி உள்ளேயே வைத்துக்கொள்ளும். சில சொட்டுகள் கசிகிறவருக்குச் சின்ன பேடே போதும். முழு டயபர் சூட்டையும் வியர்வையையும் கூட்டும்.

டயபர் விலை எல்லோருக்கும் கட்டுப்படியாகாது.  அதனால் ‘நிரம்பட்டும்’ என்று காலையில் கட்டியதை ராத்திரி வரை விட்டுவிடுகிறார்கள். அங்கேதான் புண் ஆரம்பிக்கிறது. பகலில் பழைய பருத்திச் சேலைத் துணி, வெளியே போகும்போதும் இரவிலும் டயபர் என்று பங்கிட்டுக் கொள்ளலாம். துணி என்றால் நனைந்த உடனே மாற்ற வேண்டும். சோப்பு துளியும் தங்காமல் அலசி, வெயிலில் காய வைக்க வேண்டும். மும்பை மழைக்காலத்தில் நாலு மாதம் வெயிலைப் பார்க்க முடியாது. அப்போது மின்விசிறியில் உலர்த்தி இஸ்திரி போட்டுப் பயன்படுத்தலாம். அரை ஈரத் துணியைக் கட்டுவதைவிடக் கட்டாமல் இருப்பதே மேல்.

மலம் பட்ட டயபரை எந்தக் கணக்கும் பார்க்காமல் உடனே மாற்றிவிட வேண்டும்.

படுத்த படுக்கையாக இருப்பவருக்கு மெத்தை நனையாமலிருக்க ரப்பர் ஷீட் போடுவார்கள். அதன்மேல் பருத்தித் துணி விரிக்காமல் நேராகப் படுக்க வைக்கக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒருக்களித்துத் திருப்ப வேண்டும். கசிவுப் புண் மடிப்புகளிலும் தொடையிலும் பரவலாக வரும். வால் எலும்பு, இடுப்பு எலும்பு துருத்தும் இடத்தில் மட்டும் கறுத்தோ குழிந்தோ வந்தால் அது படுக்கைப் புண். அதற்குக் களிம்பு போதாது. டாக்டரிடம் காட்ட வேண்டும்.

தண்ணீரைக் குறைக்காதீர்கள்

கசிகிறது என்று தண்ணீரைக் குறைப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. தண்ணீர் குறைந்தால் சிறுநீர் கெட்டியாகிப் பையை உறுத்தும். அவசரம் இன்னும் கூடும். தோலில் பட்டாலும் எரியும். மலச்சிக்கல் வந்தால் அதுவும் சிறுநீர்ப் பையை அழுத்தும். நாளைக்கு ஆறு முதல் எட்டு டம்ளர் வேண்டும். இதய நோய், சிறுநீரக நோய்க்காக டாக்டர் அளவு சொல்லியிருந்தால் மட்டும் அதன்படி நடக்க வேண்டும். டீயும் காப்பியும் குறைவது நல்லது. படுக்கப் போகும் முன் இரண்டு மணி நேரம் குடிப்பதைத் தவிர்க்கலாம்.

பகலில் அவசரம் வரும்வரை காத்திராமல், கடிகாரத்தைப் பார்த்துப் போகப் பழக வேண்டும். முதலில் ஒன்றரை மணிக்கு ஒருமுறை. பிறகு வாரத்துக்குக் கால் மணி நேரம் கூட்டிக்கொண்டே போய் மூன்று மணி நேரம் வரை நீட்டலாம். ரயில் ஏறும் முன் போய்விட்டு, பையில் ஒரு மாற்று பேடும் ஒரு பிளாஸ்டிக் உறையும் வைத்துக்கொண்டால் பாதிக் கவலை தீரும். வீட்டில் கழிப்பறை இல்லாதவர்கள் இரவுக்கு மூடியுள்ள வாளியோ, நடுவில் துளையுள்ள நாற்காலியோ வைத்துக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இருட்டில் ஓடி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வதற்கு அது எவ்வளவோ மேல்.

கசிவைக் குறைக்கும் பயிற்சி

இருமும்போது கசிவதற்கு மருந்தில்லாத வைத்தியம் ஒன்று உண்டு. அமெரிக்க மகளிர் மருத்துவர் ஆர்னால்டு கெகல் 1948-ல் எழுதி வெளியிட்ட இடுப்புத் தசைப் பயிற்சி அது. வாயு பிரியாமல் அடக்குவதற்கு எந்தத் தசையை இறுக்குகிறோமோ, அதையே இறுக்கி மேலே இழுக்க வேண்டும். முதலில் மூன்று வினாடி. பழகப் பழகப் பத்து வினாடி. பிறகு அதே அளவு நேரம் தளர்த்த வேண்டும். இப்படிப் பத்து முறை. நாளைக்கு மூன்று வேளை. மூச்சை அடக்கக் கூடாது. வயிற்றையும் தொடையையும் இறுக்கக் கூடாது. சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்திப் பார்த்து இதைச் செய்வது தவறு.

காசு செலவில்லை, இடம் வேண்டாம். லோக்கலில் நின்றுகொண்டே செய்யலாம். பக்கத்தில் நிற்பவருக்குக்கூடத் தெரியாது. ஆனால் பத்து நாளில் பலன் எதிர்பார்க்கக் கூடாது. மூன்று மாதம் விடாமல் செய்தால்தான் தெரியும்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

மேலே சொன்ன பராமரிப்பில் மூன்று நாளில் எரிச்சல் குறையத் தொடங்க வேண்டும். குறையவில்லை என்றாலோ, தோல் உரிந்து நீர் கசிந்தாலோ, சிவந்த இடத்தைச் சுற்றிச் சின்னச் சின்னப் புள்ளிகள் பரவினாலோ, தயிர்த் திரி போல வெள்ளை பட்டாலோ காட்ட வேண்டும். புள்ளியும் வெள்ளையும் காளான் தொற்றின் அடையாளம். அதற்குத் தனி மருந்து உண்டு.

காய்ச்சல், சிறுநீரில் ரத்தம், சீழ் இருந்தால் அன்றைக்கே போக வேண்டும். கஷ்டமான பிரசவத்துக்கோ கர்ப்பப்பை அறுவைக்கோ பிறகு இரவு பகல் ஓயாமல் கசிந்தால் உள்ளே துளை விழுந்திருக்கலாம். அதை அறுவை சிகிச்சையால் மூட முடியும். மறைவிடத் தோலில் வெள்ளைத் திட்டும் விடாத அரிப்பும் இருந்தால் அது வேறு நோயாக இருக்கும். தள்ளிப் போடக் கூடாது.

அரிப்பு திரும்பத் திரும்ப வந்தால் ரத்தச் சர்க்கரையைப் பார்த்துவிட வேண்டும். சர்க்கரை நோய்க்கு இப்போது கொடுக்கும் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுபவை. இவற்றைச் சாப்பிடும் சில பெண்களுக்கு அங்கே காளான் தொற்று வருவதுண்டு. நாமாக மாத்திரையை நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். மாதவிலக்கு நின்றபின் வரும் வறட்சிக்கும் எரிச்சலுக்கும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு உண்டு. அதையும் டாக்டர்தான் எழுதித் தர வேண்டும்.

டாக்டரிடம் என்ன சொல்வது?

சயான், கே.இ.எம். போன்ற மாநகராட்சி ஆஸ்பத்திரிகளில் மகளிர் நோய்ப் பிரிவும் தோல் நோய்ப் பிரிவும் இருக்கின்றன. ஆனால் கேஸ் பேப்பர் எடுக்கும் இடத்தில் மகனோ கணவரோ நின்றுகொண்டு, கூச்சத்தால் “பேட் மே தர்த்” என்று வயிற்றுவலியாகச் சொல்லிவிடுகிறார்கள். அந்தச் சீட்டோடு வேறு டாக்டரிடம் போய், வேறு மாத்திரையோடு திரும்புகிறார்கள்.

இந்தி தெரியாத தாய்மார்கள் மூன்று சொற்களைத் தெரிந்துகொண்டால் போதும். “பேஷாப் லீக் ஹோதா ஹை” என்றால் சிறுநீர் கசிகிறது. “ஜலன்” என்றால் எரிச்சல். “குஜ்லீ” என்றால் அரிப்பு. மராட்டி பேசும் நர்ஸ் ‘லக்வி’ என்று கேட்டால் சிறுநீர், ‘காஜ்’ என்று கேட்டால் அரிப்பு. வாயால் சொல்லக் கூச்சமானால் ஒரு காகிதத்தில் மகளை எழுதச் சொல்லிக் கொடுத்துவிடலாம். பெண் டாக்டர்தான் வேண்டும் என்று கேட்பதும் தவறில்லை.

வீட்டில் உள்ள மகள்களுக்கும் மருமகள்களுக்கும் ஒரு வார்த்தை. அம்மாவோ அத்தையோ திடீரென்று தண்ணீர் குடிப்பதைக் குறைத்தால், விசேஷங்களுக்கு வர மறுத்தால், தனியாகத் துணி துவைத்துத் தனியாகக் காயப்போட்டால், ‘வயசாகிவிட்டது’ என்று விட்டுவிடாதீர்கள். ஆண்கள் இல்லாத நேரமாகப் பார்த்துப் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். கேட்டால் சொல்வார்கள்.